எல்லையைத் தாண்டிவிட்டால் பிடிக்க முடியாதாமே? வங்கிக் கொள்ளை பற்றி எங்கள் ஊரில் கேட்கும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் சாலையோரம் எங்கள் வீடு. மாவட்டம் பாலக்காடு, மாநிலம் கேரளம், வீட்டில் பேசுவது தமிழ். வங்கியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்து, தலைமைக் காசாளராக ஓய்வு பெற்றேன். அன்று முதல் டீக்கடையில் என் பெஞ்சு ஒரு விசாரணை அலுவலகமாகிவிட்டது. எங்காவது ஒரு வங்கியில் கை வைத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தால் போதும், அதே சந்தேகங்கள் அதே வரிசையில் வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி டீ ஆறிப் போவதால் எழுதி வைத்துவிட்டேன்.

பதில்களில் நான்கு சம்பவங்கள் திரும்பத் திரும்ப வரும். முதலாவது சேலேம்பிரா: 2007 டிசம்பர் கடைசியில், மலப்புறம் மாவட்டத்து கிராம வங்கிக் கிளை ஒன்றின் தரையைக் கீழ்த்தளத்துக் கடையிலிருந்து துளைத்து, சுமார் 80 கிலோ தங்கமும் 50 லட்சம் ரூபாயும் எடுத்துப் போனார்கள். இரண்டாவது ஓசூர்: 2021 ஜனவரி 22 அன்று தனியார் நகைக்கடன் நிறுவனத்தில் துப்பாக்கி முனையில் 25 கிலோ நகை போனது, கொள்ளையர் மறுநாளே ஹைதராபாத் பக்கம் பிடிபட்டார்கள். மூன்றாவது திருச்சூர்: 2024 செப்டம்பர் 27 அதிகாலையில் மூன்று ஏடிஎம்களை கேஸ் கட்டரால் அறுத்தவர்கள், காரைக் கண்டெய்னர் லாரிக்குள் ஏற்றிக்கொண்டு தமிழ்நாட்டுக்குள் வந்து, நாமக்கல் மாவட்டம் குமாரபாளையம் அருகே சிக்கினார்கள். நான்காவது போட்டா: 2025 பிப்ரவரி 14 அன்று சாலக்குடியை அடுத்த போட்டாவில் தனி ஆள் ஒருவர் கத்தியுடன் வங்கிக்குள் புகுந்து 15 லட்சத்துடன் ஸ்கூட்டரில் போனார், இரண்டே நாளில் கைதானார்.

"திருட்டு, கொள்ளை, கூட்டுக் கொள்ளை எல்லாம் ஒன்றுதானே சார்?"

பேச்சில் ஒன்று, சட்டத்தில் வேறு வேறு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 303-ஆம் பிரிவு திருட்டு, 309 கொள்ளை, 310 கூட்டுக் கொள்ளை. ஆளுக்குத் தெரியாமல் எடுத்தால் திருட்டு. கத்தியைக் காட்டியோ அடித்தோ பயமுறுத்தியோ எடுத்தால் கொள்ளை. அதையே ஐந்து பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ சேர்ந்து செய்தால் கூட்டுக் கொள்ளை. ஆயுள் தண்டனை வரை போகும். நான்கு பேருக்கும் ஐந்து பேருக்கும் நடுவில் இவ்வளவு பெரிய பள்ளம் இருப்பதால்தான் 'உள்ளே எத்தனை பேர், வெளியே வண்டியில் எத்தனை பேர்' என்று போலீஸ் துருவித் துருவிக் கேட்கிறது.

இந்தக் கணக்கில் பார்த்தால் போட்டா கொள்ளை, ஓசூர் கூட்டுக் கொள்ளை. சேலேம்பிராவில் நடந்தது நம் பாட்டிமார் சொல்லும் 'கன்னம் வைத்தல்'. பழைய கன்னக்கோல்காரன் சுவரில் துளை போட்டான், இவர்கள் தரையில் போட்டார்கள். இனி எல்லாவற்றையும் நானும் உங்களைப் போலவே கொள்ளை என்றே சொல்கிறேன்.

"வங்கியில் கொள்ளை போனால் என் கணக்கில் இருக்கும் பணமும் போய்விடுமா? ஐந்து லட்சம்தான் திரும்ப வரும் என்கிறார்களே?"

போகாது. நீங்கள் கட்டிய பணம் உங்கள் பெயர் ஒட்டி அந்த அலமாரியில் உட்கார்ந்திருக்கவில்லை. வங்கி உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். அலமாரி காலியானாலும் அந்தக் கடன் அப்படியே நிற்கும். ஏடிஎம்மை அறுத்தாலும் நஷ்டம் வங்கிக்கும் அதன் காப்பீட்டுக்கும்தான். நீங்கள் சொல்லும் ஐந்து லட்சம், வங்கியே நொடித்துப் போனால் கிடைக்கும் வைப்புக் காப்பீடு. 2020 பிப்ரவரி 4 முதல் அந்த வரம்பு ஒரு லட்சத்திலிருந்து ஐந்து லட்சமானது. கொள்ளைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

"பணத்தை விடுங்கள். அடகு வைத்த என் தாலிக்கொடி?"

இதுதான் உண்மையான கேள்வி. எங்கள் பக்கம் நெல் அறுவடைக்கு முன்பும் பள்ளி திறக்கும் ஜூன் மாதத்திலும் ஊர்ப் பெண்களின் கழுத்திலிருந்து பாதித் தங்கம் வங்கிப் பெட்டகத்துக்குள் போய்விடும். பணக் கவுண்டரைவிட நகைப்பைகள் இருக்கும் அறைக்குத்தான் கொள்ளையர் குறி வைக்கிறார்கள். சேலேம்பிராவின் 80 கிலோவில் பெரும்பகுதி அப்படிப்பட்ட வீட்டு நகைதான்.

அடகு நகைக்கு வங்கி காவலாள். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், அறிவுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளைக் காப்பதுபோல் அதைக் காக்க வேண்டும் என்கிறது. ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட தங்கக் கடன் நெறிமுறையும், நகை தொலைந்தால் கடன் கொடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. பொதுவாக நகையின் நிகர எடைக்கு மதிப்புப் போட்டு, உங்கள் கடன் பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். செய்கூலியும் சேதாரமும் வராது. மாமியார் போட்ட நகை என்பதற்கான மதிப்பும் வராது; அதற்கு எந்த மதிப்பீட்டாளரிடமும் தராசு இல்லை.

ஆகவே நகையை வைக்கும்போது சீட்டில் மொத்த எடை, கல் கழித்த நிகர எடை, உருப்படிகளின் எண்ணிக்கை மூன்றும் இருக்கின்றனவா என்று படித்துப் பாருங்கள். வைப்பதற்கு முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். களவு நகை மீட்கப்பட்டால் அது போலீஸ் வழியாக நீதிமன்றத்துக்குப் போகும். 'இது என்னுடையது' என்று அங்கே காட்டுவதற்கு இந்தச் சீட்டும் படமும்தான் வாய். மீட்ட பொருளை ஸ்டேஷனில் ஆண்டுக்கணக்கில் போட்டு வைக்கக் கூடாது, பதினைந்து நாள் முதல் ஒரு மாதத்துக்குள் முடிவு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. படம் எடுத்து, எடை குறித்து, ஜாமீன் பத்திரம் வாங்கிக்கொண்டு உரியவரிடம் கொடுக்கலாம். கேட்டு மனு போடாதவருக்கு யாரும் வீடு தேடி வந்து தரமாட்டார்கள்.

"அப்படியானால் லாக்கர்தான் பாதுகாப்பா?"

லாக்கரில் என்ன இருக்கிறது என்பது வங்கிக்கே தெரியாது. கொள்ளையோ தீயோ ஊழியர் மோசடியோ நடந்தால் ஆண்டு வாடகையைப் போல் நூறு மடங்கு வரை வங்கி பொறுப்பேற்கும். இது 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடகை இரண்டாயிரம் என்றால் இரண்டு லட்சம். உள்ளே எத்தனை பவுன் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

"உள்ளே அத்தனை ஊழியர்கள் இருந்தும் ஒரே ஒருவனை மடக்க முடியவில்லையா?"

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது எல்லோருக்கும் வீரம் வரும். போட்டாவில் அந்த ஆள் வந்தது மதியச் சாப்பாட்டு நேரத்தில். ஊழியர்களைக் கத்தியைக் காட்டி ஓர் அறைக்குள் தள்ளிப் பூட்டினார், நாற்காலியால் கண்ணாடியை உடைத்தார், கைக்குக் கிடைத்த கட்டுகளை எடுத்தார், போய்விட்டார். மொத்தமே சில நிமிடங்கள். எங்களுக்குச் சொல்லித் தந்த பாடமும் அதுதான்: எதிர்க்காதே, உற்றுப் பார், போன பிறகு எதையும் தொடாதே. பணத்துக்குக் காப்பீடு இருக்கிறது, காசாளரின் கழுத்துக்குக் கிடையாது.

அலாரம் என்று அடுத்துக் கேட்பீர்கள். இருக்கும். எங்கள் கிளையில் அது பல்லிக்காக அடித்திருக்கிறது, எலிக்காக அடித்திருக்கிறது, ஒருமுறை இடிச்சத்தத்துக்கும் அடித்தது. மூன்றாவது மாதத்திலேயே எதிர்க்கடைக்காரர் தலை தூக்கிப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். ஒரு சனிக்கிழமை இரவு உண்மையாகவே பின்புற ஜன்னல் கம்பியை வளைத்து ஒருவன் புகுந்தபோதும் யாரும் வரவில்லை. இரும்புப் பெட்டகத்துக்கு இரண்டு சாவி. ஒன்று மேலாளர் வீட்டில், இன்னொன்று என் இடுப்பில். அவனால் அதை அசைக்க முடியவில்லை. சுவர்க் கடிகாரத்தையும், நான் மறந்து வைத்த டிபன் கேரியரையும் எடுத்துப் போனான். திங்கட்கிழமை முதல் தகவல் அறிக்கையில் 'மூன்று அடுக்கு, எவர்சில்வர்' என்று எழுதியபோது ஸ்டேஷன் ரைட்டர் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு இன்னும் கண்ணில் நிற்கிறது.

"எல்லையைத் தாண்டிவிட்டால் கேரள போலீஸ் தமிழ்நாட்டுக்குள் போக முடியாதாமே?"

எங்கள் ஊரில் குழந்தைகூட இதை நம்புகிறது. காரணம் இருக்கிறது. சாராயம், அரிசி, மணல் என்று எதைப் பிடிக்க வந்தாலும் சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் போய் நின்று கைகாட்டிச் சிரித்தவர்களை நாம் பார்த்து வளர்ந்தோம். சட்டத்தில் அப்படி ஒரு கோடு இல்லை. வாரண்ட் இல்லாமல் கைது செய்ய அதிகாரம் உள்ள குற்றத்தில், போலீஸ் அதிகாரி குற்றவாளியைத் துரத்திக்கொண்டு இந்தியாவின் எந்த இடத்துக்கும் போகலாம். இன்றைய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 45-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. பழைய சட்டத்திலும் 48-ஆம் பிரிவாக இருந்தது.

எல்லை தடையாக இருப்பது நடைமுறையில்தான். மொழி வேறு, வழி வேறு, ஸ்டேஷன் வேறு. வாளையாறு நெடுஞ்சாலையை மட்டும் மறித்தால் போதாது. வேலந்தாவளம், ஒழலப்பதி, நடுப்புணி, கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று வழிகள் கிளை பிரிந்து கிடக்கின்றன. நடுவில் தென்னந்தோப்பு வழியாகப் போகும் மண் தடங்களுக்குப் பெயரே கிடையாது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் வாளையாற்றில் வணிக வரிச் சாவடி மூடப்பட்டது. கிலோமீட்டர் கணக்கில் நின்ற லாரி வரிசை மறைந்தது நமக்கு நிம்மதி. கண்டெய்னருக்குள் கார் ஏற்றிப் போகிறவனுக்கும் நிம்மதிதான். ஆகவே துரத்துவதைவிடத் தகவல் முந்திப் போவதுதான் காரியத்தை முடிக்கிறது. திருச்சூர் வழக்கில் ஆளைப் பிடித்தது கேரள போலீஸ் இல்லை. அங்கிருந்து போன எச்சரிக்கையை வைத்து நாமக்கல் போலீஸ் பிடித்தது. நிற்காமல் வாகனங்களை இடித்துத் தள்ளிக்கொண்டு போன லாரியை மடக்கியபோது நடந்த மோதலில் கும்பலில் ஒருவர் சுடப்பட்டு இறந்தார்.

"அப்படியானால் பிடித்த ஊர் போலீஸுக்கே வழக்கா? திருச்சூர் போலீஸ் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதானா?"

குற்றம் எங்கே நடந்ததோ அந்த ஊர் நீதிமன்றத்துக்கே அந்த வழக்கு. ஆனால் பிடிக்கும்போது போலீஸைத் தாக்கினால் அது தமிழ்நாட்டில் நடந்த வேறு குற்றம். அதற்கு அங்கே தனி வழக்கு. முதலில் அங்கே ரிமாண்ட் செய்வார்கள். பிறகு கேரள போலீஸ் தங்கள் நீதிமன்றத்தில், செய்தித்தாளில் நீங்கள் படிக்கும் அந்த 'பி.டி. வாரண்ட்' (வேறு ஊர்ச் சிறையில் இருப்பவரைத் தங்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பச் சொல்லும் ஆணை) வாங்கிக்கொண்டு போய் ஆளை அழைத்து வரும். ஒரே ஆள் இரண்டு மாநிலச் சிறைகளுக்கும் மாறி மாறிப் போய் வருவது இதனால்தான்.

கேரள போலீஸே தமிழ்நாட்டுக்குள் போய்க் கைது செய்தால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பயண நேரம் அந்தக் கணக்கில் சேராது. தூரம் அதிகம் என்றால் அருகிலுள்ள மாஜிஸ்திரேட்டிடம் காட்டி அனுமதி வாங்கிக்கொண்டு புறப்படுவார்கள். சாதாரண உடையில் வந்து ஆளைத் தூக்கிப் போனார்கள், கடத்தலா கைதா தெரியவில்லை என்று யாராவது பதறினால், முதலில் உள்ளூர் ஸ்டேஷனில் கேளுங்கள். கைது செய்தவர்கள் உறவினருக்குத் தகவல் சொல்லியாக வேண்டும்.

"தலைக்கவசம், முகமூடி, கையுறை எல்லாம் போட்டு வந்தவனை எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்?"

முகத்தை மூடுகிறவன் காலை மறந்துவிடுகிறான். போட்டா ஆள் சட்டையை மாற்றினார், ஸ்கூட்டரின் பக்கக் கண்ணாடியில் வித்தை காட்டினார், வழியைச் சுற்றினார். ஆனால் காலில் இருந்த ஷூ கேமராவுக்குக் கேமரா அப்படியே தொடர்ந்தது. நூறு கடைக் கேமராக்களை வரிசையாக உட்கார்ந்து பார்க்கும் பொறுமை எந்த மோப்ப நாய்க்கும் கிடையாது. அந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் தனிப்படையில் இருக்கும் இளம் காவலர்கள். செய்தியில் அவர்கள் பெயர் வருவதில்லை.

அடுத்தது செல்பேசி கோபுரம். குறிப்பிட்ட நேரத்தில் அந்தக் கோபுரத்தின் கீழ் இருந்த எண்கள் அனைத்தையும் எடுப்பார்கள். அவன் தப்பிப் போன ஊர்களின் பட்டியல்களையும் எடுத்து, எல்லாவற்றிலும் வரும் எண் எது என்று பார்ப்பார்கள். சேலேம்பிராவில் இந்தச் சல்லடை வேலை இரண்டு மாதம் நடந்தது. சுவரில் 'ஜெய் மாவோ' என்று எழுதிவிட்டு நக்சல் வேலை என்று நம்ப வைக்கப் பார்த்தார்கள். கொஞ்சம் தங்கத்தை ஹைதராபாத் விடுதி அறையில் போட்டுவிட்டு வடக்கே ஓடியதுபோல் காட்டினார்கள். கடைசியில் கேரளத்துக்குள்ளேயே பிடிபட்டார்கள். ஓசூரில் இவ்வளவு பாடு இல்லை. நகைப்பைக்குள் இருந்த ஜிபிஎஸ் கருவி தானே வழி சொல்லிக்கொண்டு போனது.

"நோட்டு எண்களை வங்கி எழுதி வைத்திருக்குமே? அதை வைத்துப் பிடிக்கலாமே?"

என் பணிக்காலத்தில் நான் எண்ணாத நோட்டில்லை, எழுதி வைத்த நோட்டு எண் என்று ஒன்றும் இல்லை. தினமும் வந்து போகும் கட்டுகளின் எண்களைக் குறிக்க ஆரம்பித்தால் வங்கி சாயங்காலம் மூடாது. கருவூலத்திலிருந்து வரும் புத்தம்புதுக் கட்டுகள் மட்டும் தொடர் எண்ணில் இருக்கும். உதவுவது வேறொன்று: கட்டைச் சுற்றிய பட்டைச் சீட்டு. அதில் கிளை முத்திரை, தேதி, எண்ணியவரின் சுருக்கொப்பம் எல்லாம் இருக்கும். அதைக் கழற்றி எறியாமல் பணத்தோடு வைத்திருக்கும் அசடுகள் இன்னும் இருக்கிறார்கள்.

"இந்தி பேசினான் என்றால் வடமாநிலத்தான்தானே? அரிசி ஆலையில் இருக்கும் பையன்களைப் பிடித்து விசாரித்தால் தெரிந்துவிடுமே?"

இந்தக் கேள்விக்குத்தான் எனக்குக் கோபம் வரும். போட்டாவில் நுழைந்தவர் இரண்டொரு இந்திச் சொல்லைத்தான் பேசினார். உடனே எல்லோரும் ரயில் நிலையத்தையும் தொழிலாளர் குடியிருப்பையும் நினைத்தார்கள். பிடிபட்டவர் அதே வட்டாரத்தில் குடியிருந்தவர், அந்த வங்கிக்கே போய் வந்தவர். மதியம் எப்போது ஆள் குறைவு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இந்தி பேசினால் நீங்கள் யாரை நினைப்பீர்கள் என்பதும் தெரிந்திருந்தது.

திருச்சூர் ஏடிஎம் கும்பல் அரியானாவைச் சேர்ந்ததுதானே என்பீர்கள். ஆமாம். அவர்கள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி லாரியோடு வந்தவர்கள். இங்கே கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டையில் மூட்டை தூக்குகிறவர்கள் இல்லை. ஒரு மாநிலத்துக்காரன் குற்றம் செய்தால் அந்த மாநிலமே குற்றவாளி என்றால், கோயம்புத்தூரில் நம்மைப் பார்த்து 'கேரளாக்காரன்' என்றும் பாலக்காட்டில் 'பாண்டி' என்றும் ஒதுக்கும்போது நாம் முகம் சுளிக்கக் கூடாது.

"சந்தேகமாக ஒருவன் சுற்றினால் நாங்களே பிடித்துக் கட்டி வைக்கலாமா?"

சந்தேகத்துக்காகக் கூடாது. உங்கள் கண் முன்னால் பெரிய குற்றம் செய்தவரையோ, தேடப்படும் அறிவிக்கப்பட்ட குற்றவாளியையோ பொதுமக்கள் பிடிக்கலாம். பிடித்தால் தாமதிக்காமல், அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். கட்டி வைப்பது, அடிப்பது, கைப்பேசியில் படம் எடுத்துச் சுற்றுக்கு விடுவது எதற்கும் அனுமதி இல்லை.

நம் மாவட்டத்து அட்டப்பாடியில் 2018 பிப்ரவரியில் நடந்ததை மறக்க வேண்டாம். அரிசி திருடினான் என்று சொல்லி மது என்ற பழங்குடி இளைஞரை ஒரு கூட்டம் கையைக் கட்டி அடித்தது. அவர் இறந்தார். கூட்டத்தில் நின்று செல்ஃபி எடுத்தவர்களும் இருந்தார்கள். 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு நீதிமன்றம் பதினான்கு பேரைக் குற்றவாளிகள் என்றது. பதின்மூன்று பேருக்கு ஏழு ஆண்டுக் கடுங்காவல். 112-க்கு ஒரு போன் செய்திருந்தால் அத்தனை வீடுகளும் தப்பியிருக்கும், அந்த அம்மாவுக்கு மகனும் இருந்திருப்பான்.

"கடைக் கேமரா பதிவைக் கேட்டு வந்து, மலையாளத்தில் ஏதோ எழுதிக் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா?"

எதில் என்று பாருங்கள். போலீஸ் விசாரித்து எழுதிக்கொள்ளும் சாட்சி வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போட வேண்டியதே இல்லை. சட்டம் கேட்கவும் கூடாது என்கிறது. பொருளைக் கைப்பற்றியதற்கான மகஜரில் சாட்சியாகக் கையெழுத்துக் கேட்கலாம். அதைத் தமிழில் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். எங்கள் சித்தூர் தாலுகாவில் தமிழ் தெரிந்த ஒரு காவலராவது இல்லாத ஸ்டேஷன் அரிது. எடுத்துப் போகும் கருவியின் விவரமும் பதிவின் தேதி நேரமும் அதில் இருக்கட்டும். நகல் கேட்டு வாங்குங்கள். கேமராவின் கடிகாரம் பதினைந்து நிமிடம் தப்பாக ஓடினால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். பிற்பாடு நீதிமன்றத்தில் வழக்கறிஞர் அதைப் பிடித்துக்கொண்டு உங்களை வறுத்தெடுப்பார்.

பெண்களையும், அறுபது வயது கடந்த ஆண்களையும், பதினைந்துக்குக் குறைந்த சிறுவர்களையும், உடல் நலமில்லாதவர்களையும் சாட்சி விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும். என் வயதுக்கு இது ஒரு சலுகை.

"குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்று பேப்பரில் போட்டார்களே? பிறகு எதற்கு வருடக்கணக்கில் வழக்கு? முகத்தை ஏன் மூடி அழைத்து வருகிறார்கள்?"

போலீஸிடம் சொன்ன ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது. வெள்ளைக்காரன் காலத்துச் சாட்சியச் சட்டத்தில் இருந்த விதி இன்றைய சாட்சியச் சட்டத்தின் 23-ஆம் பிரிவிலும் இருக்கிறது. அடி வாங்கினால் யாரும் எதையும் ஒப்புக்கொள்வார்கள் என்பது அவர்களுக்கும் தெரிந்திருந்தது. ஒரே ஒரு விலக்கு உண்டு. அவன் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பொருளைக் காட்டிக்கொடுத்த பகுதி மட்டும் செல்லும். 'கொள்ளையடித்தேன்' என்பது செல்லாது. 'பணத்தைப் படுக்கையறை அலமாரியில் வைத்திருக்கிறேன்' என்பது செல்லும், அங்கே பணம் இருந்தால். கைதானவனை வீடு வீடாகவும் காடு மேடாகவும் அழைத்துப் போய்த் தோண்டிக் காட்டச் சொல்வது இதற்காகத்தான்.

முகத்தை மூடுவது அவன் மானத்தைக் காக்க இல்லை. காசாளரும் வாடிக்கையாளரும் அவனைப் பலர் நடுவில் பார்த்து அடையாளம் காட்ட வேண்டும். அதற்குப் பெயர் அடையாள அணிவகுப்பு. அதற்கு முன்பே தொலைக்காட்சியில் முகம் வந்துவிட்டால், 'டிவியில் பார்த்துத்தானே காட்டினீர்கள்?' என்ற ஒரே கேள்வியில் அந்தச் சாட்சி விழுந்துவிடும். நாம் ஆர்வத்தில் படத்தைப் பரப்புவது திருடனுக்குத்தான் உதவி.

"எனக்கு ஒருவன் பாக்கி வைத்திருந்தான். திடீரென்று முழுவதையும் கொடுத்தான். அது கொள்ளைப் பணம் என்று பிறகு தெரிந்தால்?"

கற்பனைக் கேள்வி என்று நினைக்க வேண்டாம். போட்டாவில் கொள்ளைப் பணத்தில் ஒரு பகுதி அப்படித்தான் பழைய கடனுக்குப் போனது. வாங்கியவர் செய்தி பார்த்ததும் போலீஸிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். அதுதான் சரியான வழி. தெரியாமல் வாங்கியது குற்றமில்லை. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, தெரிந்துகொள்ளப் போதிய காரணம் இருந்தோ வைத்திருந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவு வரும். கொடுக்கும்போது ரசீது வாங்குங்கள். உங்கள் பாக்கி மறுபடியும் பாக்கியாகிவிடும், என்ன செய்வது.

நகை வாங்குகிறவர்களுக்கும் இதேதான். சந்தை விலையைவிட வெகு குறைவாக, ரசீது இல்லாமல், உருக்கிய கட்டியாக ஒருவன் கொண்டுவந்தால் அதுவே 'போதிய காரணம்'.

"ஓடி வந்து கதவைத் தட்டுகிறவன் சொந்தப் பிள்ளையாக இருந்தால்?"

இதைக் கேட்ட அக்கா சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனாலும் பதிலுக்குக் காத்திருந்தார். கொள்ளையடித்தவரைத் தண்டனையிலிருந்து காப்பாற்ற வீட்டில் ஒளித்து வைத்தால் அதே சட்டத்தின் 254-ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டு வரை சிறை. இதிலிருந்து விலக்கு, கணவன் மனைவிக்கு மட்டும். மனைவி கணவனை ஒளித்து வைக்கலாம், அம்மா மகனை ஒளித்து வைக்கக் கூடாது. எழுதியவர்களுக்கு அம்மா இல்லையோ என்று அந்த அக்கா கேட்டார். எனக்கும் இது சரியாகப் படவில்லை, ஆனால் சட்டம் அப்படித்தான். அவனே வக்கீலோடு போய்ச் சரணடைவதுதான் அவனுக்கும் நல்லது, கதவைத் திறந்தவருக்கும் நல்லது.

"வங்கிக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு கடை இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள். வாடகைக்கு விடலாமா?"

வெளியூர்க்காரர்கள் என்பதற்காக மறுக்க வேண்டாம். மேலே இந்திக் கேள்விக்குச் சொன்னதைப் படியுங்கள். ஆனால் சேலேம்பிராவை நினைவில் வையுங்கள். வங்கி மாடியில் இருந்தது. கீழே உணவகம் நடத்துவதாகச் சொல்லி இடத்தை வாடகைக்கு எடுத்தவர்கள், புதுப்பிக்கிறோம் என்று முன்னால் மூடிவைத்துவிட்டு உள்ளே மேற்கூரையைத் துளைத்தார்கள். தட்டுகிற சத்தம் கேட்டவர்களுக்குத் தச்சுவேலை என்ற சமாதானம் தயாராக இருந்தது.

அடையாள அட்டை நகல் வாங்குங்கள், அட்டையில் உள்ள முகவரிக்கு ஒரு தபால் போட்டுப் பாருங்கள், வாடகை ஒப்பந்தத்தின் நகலை ஸ்டேஷனில் கொடுத்து வையுங்கள். வாடகையைப் பேரம் பேசாமல் ஓராண்டு முன்பணத்தையும் ரொக்கமாக நீட்டினால் கொஞ்சம் யோசியுங்கள். பிறகு மாதம் ஒருமுறை வாடகை வாங்கப் போகும்போது கடைக்குள் போய் ஒரு டீ கேளுங்கள். உணவகம் என்று பலகை மாட்டியிருக்கும் இடத்தில் அடுப்பே இல்லை என்றால், வங்கி மேலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.